மூவாயிரம் ரூபாய் கேம் கன்சோல் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறேன். உட்கார இடம் கிடைத்தால் பையிலிருந்து ஒரு சின்ன கன்சோலை எடுத்துப் பழைய கேம் எதையாவது ஆடுவேன். பக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் எட்டிப் பார்ப்பார், வில்லுக்குறி தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்: "இது என்ன விலை?" வீட்டில் அக்கா மகன், அலுவலகத்தில் நாலைந்து பேர், தூத்தூரில் ஒரு நண்பர் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் சுமார் 2,000 முதல் 6,000 ரூபாய் வரை உள்ள கன்சோல்களுக்கு மட்டும் பொருந்தும்.

அண்ணே, இது என்ன சாதனம்? பழைய டிவி கேம் மாதிரியா?

பார்க்க அப்படி இருக்கும். உள்ளே இருப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர், பெரும்பாலும் லினக்ஸில் ஓடும். பழைய கேம் இயந்திரம் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் அதில் இருக்கும். நாம் அன்று டிவி பெட்டியில் செருகிய 'காசெட்'டின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக மாற்றினால் அதற்குப் பெயர் ராம் (ROM). எமுலேட்டர் அந்தக் கோப்பைப் படித்து கேமை ஓட்டுகிறது.

நம் ஊரில் டிவி கேம் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். இந்தக் கன்சோலில் ஃபேமிகாமோடு கேம்பாய், சேகா மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன், ஆர்கேட் பெட்டிகள் என்று பல இயந்திரங்களும் அடக்கம்.

மண்டைக்காடு கொடைக்குக் கடை போடுவாங்கல்லா, அங்க ஐநூறு ரூவாய்க்கு ஒண்ணு கிட்டுதே. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

திருவிழாக் கடையில் தொங்கும் '400 இன் 1' பெட்டி உண்மையிலேயே பழைய டிவி கேம்தான். ஃபேமிகாம் நகல் ஒன்றை ஒரே சில்லுக்குள் அடக்கி, கேம்களையும் அதிலேயே பதித்துவிடுகிறார்கள். வேறு கேம் சேர்க்க முடியாது, சேவ் செய்ய முடியாது. நானூறில் பாதி, ஒரே கேமை நிறம் மாற்றியும் பெயர் மாற்றியும் திரும்பப் போட்டது. பழைய நோக்கியா போனில் கிடந்த பிஎல்-5சி மாதிரி பேட்டரிதான் பலவற்றிலும்.

அதற்காக அதைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். ஆறு வயதுப் பிள்ளை கடற்கரை மணலில் போட்டு மிதிக்கப்போகும் பொருள் என்றால் அதுதான் சரியான விலை. கான்ட்ராவும் மேரியோவும் மட்டும் போதும் என்கிறவருக்கும் அது போதும்.

பெட்டியில 15,000 கேம்னு போட்டிருக்கே, அப்போ நல்ல மெஷின்தானே?

எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே கேமின் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, யாரோ திருத்திய பதிப்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கும். திறக்கவே திறக்காதவையும் நிறைய. எண் பெரிதாகும்போது மெமரி கார்டில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது என்றுதான் அர்த்தம்.

என்னிடம் இருந்ததில் ஒரு வருடத்தில் நான் உண்மையாக ஆடியது 11 கேம்கள். முதல் வாரம் முழுக்கப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து ஆட ஆசைப்படும் பத்து கேம்களை எழுதுங்கள். இனி வரும் பதில்கள் பலவற்றுக்கும் அந்தத் தாள் வேண்டும்.

எது எல்லாம் ஓடும்? சுருக்கமா சொல்லுங்க.

முதல் பிளேஸ்டேஷன் வரைக்கும் தயங்காமல் வாங்கலாம். அதாவது ஃபேமிகாம், கேம்பாய், மெகா டிரைவ், 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம், 2001-இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ், 1994-இல் வந்த பிளேஸ்டேஷன். டெக்கன் 3 இந்த விலையில் சுகமாக ஓடும்.

1996-இன் நின்டெண்டோ 64, 1998-இன் டிரீம்காஸ்ட், 2004-இன் பிஎஸ்பி மூன்றும் அரைகுறை. சில கேம்கள் ஓடும், சில திணறும், சில படம் காட்டிவிட்டு நின்றுவிடும். யூடியூபில் 'பிஎஸ்பி ஓடுது' என்று காட்டுபவர் எப்போதும் ஓடுகிற அந்த நாலு கேமைத்தான் காட்டுவார்.

வைஸ் சிட்டி ஓடுமா?

ஓடாது. 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கேம் அது, அந்த இயந்திரத்தை நடிக்கும் சக்தி இந்த விலைச் சில்லுகளுக்கு இல்லை. ஓடும் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அவர் சொல்லும் மற்றதையும் சந்தேகப்படுங்கள்.

முஸ்தபா கேம் இருக்குமா?

முப்பத்தைந்து வயது தாண்டியவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். இருக்கும். கேப்காம் 1993-இல் வெளியிட்ட 'கேடில்லாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற ஆர்கேட் கேம் அது. அதில் நாலு பேரில் ஒருவன்தான் முஸ்தபா. நம் ஆட்கள் அவனைத் தவிர யாரையும் தேர்ந்தெடுக்காததால் கேமுக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. காசு போட வேண்டிய இடத்தில் செலக்ட் பட்டனை அழுத்துங்கள். எத்தனை முறை செத்தாலும் மறுபடி அழுத்தலாம். உண்மையைச் சொன்னால், காசு தீரும் பயம் இல்லாதபோது பாதி சுவை போய்விடுகிறது.

ஆர்கேட் கேம்களில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு ஜிப் கோப்பாக இருக்கும், அதைப் பிரிக்கக் கூடாது. எமுலேட்டரின் எந்தப் பதிப்புக்கு அந்த ஜிப் தயாரிக்கப்பட்டதோ அதில்தான் ஓடும். "நண்பன் மெஷினில் ஓடுது, என்னுதுல ஓடல" என்று வருகிற புகார்களில் பாதி இதுதான். அந்த கேமின் மெனுவில் எமுலேட்டரை மாற்றிப் பாருங்கள். எஃப்பி நியோவில் ஓடாதது மேம் 2003 பிளஸில் ஓடும், மாறியும் நடக்கும்.

போன்லயே ஆடலாமே, எதுக்கு இந்தச் செலவு?

ஆடலாம். உங்கள் போனின் சில்லு இதைவிடப் பல மடங்கு வேகமானது. பொகேமான் மாதிரி நிதானமாக நகரும் கேம்கள்தான் உங்கள் தாளில் இருக்கிறது என்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

குதித்துக்கொண்டே சுட வேண்டிய கேம் என்றால் கண்ணாடித் திரையில் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செத்துக்கொண்டே இருப்பீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. போனில் முதலாளி அழைப்பார், வாட்ஸ்அப் கூவும். இதில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சரி, கையில வாங்கினதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

சில்லு, ரேம் எல்லாம் அப்புறம். முதலில் இடது பக்கம் இருக்கும் கூட்டல் குறி பட்டன், அதாவது டி-பேட். இந்த விலையில் தயாரிப்பாளர் காசு மிச்சம் பிடிக்கும் முதல் இடமும் அதுதான், நீங்கள் ஒவ்வொரு நொடியும் தொடப்போகும் இடமும் அதுதான்.

சோதிக்க கான்ட்ராவைப் போடுங்கள். கீழ் பட்டனை அழுத்தினால் ஆள் படுக்க வேண்டும். படுத்த நிலையில் கட்டை விரலை அழுத்தம் விடாமல் லேசாக வலது பக்கம் சாயுங்கள். நல்ல டி-பேடில், விரல் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் ஆள் எழுந்து சாய்வாகச் சுடத் தொடங்குவான். மோசமானதில் விரல் அசைந்ததுமே எழுந்து குண்டை நெஞ்சில் வாங்குவான். பத்து முறை செய்து மூன்று முறைக்கு மேல் அவனாக எழுந்தால் திருப்பி அனுப்புங்கள். நேர்மாறாகவும் பாருங்கள்: சண்டை கேமில் விரலைக் கால்பங்கு வட்டமாகச் சுழற்றி அடிக்கும் அடி, பத்துக்கு எட்டு முறையாவது வர வேண்டும்.

அடுத்து மேல் விளிம்பில் உள்ள தோள் பட்டன்கள். இரவில் பக்கத்தில் தூங்குபவரை எழுப்புகிற அளவுக்குச் சத்தமிடுகிறதா என்று கேளுங்கள். கடைசியாக இயர்போன் மாட்டி, கேம் எதுவும் போடாமல் அமைதியாக இருங்கள். 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தால் அது கடைசி வரை போகாது.

ஸ்கிரீன் பெரிசா இருந்தா நல்லதுதானே?

அளவைவிட வடிவம் முக்கியம். பழைய டிவியின் வடிவம் 4:3. ஐந்து அங்குல அகலத்திரை வாங்கி ஃபேமிகாம் கேம் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். படம் சுமார் நாலு அங்குலம்தான் மிஞ்சும். 3.5 அங்குல 4:3 திரையில் முழுப் பரப்பும் உங்களுக்கே.

இந்த விலையில் பெரும்பாலான திரைகள் 640-க்கு 480 புள்ளிகள். கேம்பாயின் படம் 160-க்கு 144. மூன்று மடங்காக்கினால் 480-க்கு 432, கச்சிதமாக உட்காரும். கேம்பாய் அட்வான்ஸின் படம் 240-க்கு 160. இரண்டு மடங்கு போட்டால் சிறிதாகத் தெரியும், அகலம் முழுக்க இழுத்தால் மடங்கு முழு எண்ணாக வராமல் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் நிற்கும். எழுத்துகளைப் பார்த்தால் உடனே புரியும். உங்கள் தாளில் அட்வான்ஸ் கேம்கள்தான் அதிகம் என்றால் 720-க்கு 480 திரை உள்ளதைத் தேடுங்கள், மூன்று மடங்கு மிகச் சரியாகப் பொருந்தும்.

ஆர்36எஸ், மியூ மினி பிளஸ், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்... தலை சுத்துது. எது வாங்க?

மியூ மினி பிளஸ் சின்னது, சட்டைப் பையில் போகும். ரேம் வெறும் 128 எம்பி, கட்டை விரலால் சாய்க்கும் அனலாக் குச்சி கிடையாது. இருந்தாலும் பிளேஸ்டேஷன் வரை நன்றாக ஓட்டும். ஆனியன் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால் அணைத்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும். பேருந்தில் ஆடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆர்36எஸ் விலை குறைவு. ராக்சிப் ஆர்கே3326 என்ற சில்லு, 1 ஜிபி ரேம், இரண்டு குச்சிகள், இரண்டு கார்டு துளைகள். வைஃபை உள்ளே கிடையாது. ஆன்பெர்னிக் நிறுவனத்தின் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் கொஞ்சம் வேகமான ஆல்வின்னர் எச்700 சில்லோடு வரும். வைஃபை, புளூடூத், டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ துளை எல்லாம் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். என் எண்ணம் இதுதான்: கணினியில் கோப்புகளை நோண்டுவது பிடித்தால் ஆர்36எஸ், நோண்டவே கூடாது என்றால் மற்ற இரண்டில் ஒன்று. அடுத்த பதிலைப் படிக்காமல் ஆர்36எஸ் வாங்க வேண்டாம்.

அதே ஆர்36எஸ் ஒருத்தன்கிட்ட 2,800, இன்னொருத்தன்கிட்ட 4,500. ஏன்?

அந்தப் பெயரில் வருவதெல்லாம் ஒரே பொருள் இல்லை. வெளிக்கூடு ஒன்றாக இருக்கும், உள்ளே வேறு பலகை, வேறு திரை, சில நேரம் சில்லுகூட வேறு. திரை மாறினால் அதை இயக்கும் கோப்பும் மாற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மென்பொருளைப் புதுக் கார்டில் போட்டால் கறுப்புத் திரைதான் வரும்.

என்னுடைய முதல் கன்சோல் இப்படித்தான் வந்தது. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். படத்தில் இருந்த மெனு வேறு, கையில் வந்த மெனு வேறு. கேட்டதற்கு 'புது மாடல்' என்றார். கழற்றிப் பார்த்தபோது பலகையில் இருந்த எண் எந்தப் பட்டியலிலும் இல்லை. கேம்கள் ஓடின, ஆனால் மென்பொருளை மாற்றவே முடியவில்லை. இப்போது நான் செய்வது: வாங்குவதற்கு முன் 'கன்சோல் ஆன் ஆகும் வீடியோ அனுப்புங்கள்' என்று கேட்பேன். தொடக்கத்தில் வரும் திரையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அனுப்ப மறுத்தால் வாங்குவதில்லை.

நாகர்கோவில்ல கடையில கிட்டாதா?

மீனாட்சிபுரம், வடசேரி பக்கம் மொபைல் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் முன்பு சொன்ன திருவிழாப் பெட்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சீனத்திலிருந்து நேரடியாக வரவழைக்க முன்பு பலர் பயன்படுத்திய அலிஎக்ஸ்பிரஸ் செயலியை 2020 நவம்பரில் இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஆகவே உள்நாட்டு ஆன்லைன் கடைகள்தான் வழி, அங்கே விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். திருப்பி அனுப்பும் வசதி இருக்கிற இடத்தில் வாங்குங்கள். ஏன் என்று டி-பேட் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஒரு சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அவர்களிடம் சொல்லி வாங்கினால் பெட்டியில் அடைக்காமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது.

கூட வந்த கார்டு நாலு மாசத்துல செத்துப் போச்சு. மெஷினே போச்சா?

மெஷின் நன்றாக இருக்கும். இலவசமாகத் தரும் பெயரில்லாத மெமரி கார்டுதான் இந்தக் கன்சோல்களில் முதலில் சாகும் உறுப்பு. புதுசு கையில் வந்த அன்றே, ஒரு கேம்கூட ஆடாமல், கார்டைக் கழற்றிக் கணினியில் முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போதும். அப்புறம் நல்ல நிறுவனத்தின் கார்டு ஒன்றை வாங்கி அதில் அந்த இமேஜை எழுதுங்கள். பழைய கார்டை மேசை அறையில் போட்டுவிடுங்கள்.

புதுக் கார்டும் போலியாக இருக்கலாம். 128 ஜிபி என்று அட்டையில் இருக்கும், உள்ளே 16-தான் இருக்கும். நிரம்பும் வரை ஒன்றும் தெரியாது, நிரம்பிய பிறகு பழைய கோப்புகள் ஒவ்வொன்றாகக் கெடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துக் குட்டை உடைத்துவிடும். இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும்.

நல்ல 65 வாட் சார்ஜர்தான் போட்டேன். சார்ஜ் ஏறவே மாட்டேங்குது?

அந்த 'நல்ல' சார்ஜர்தான் காரணம். இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள வயரில், எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் சார்ஜர் மின்சாரம் விடும். அதைத் தெரிவிக்கக் கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க மலிவுக் கன்சோல்கள் பலவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள். சார்ஜர் காத்துக்கொண்டே இருக்கும், ஒன்றும் வராது.

பழைய போனுக்கு வந்த 5 வோல்ட் சார்ஜரை எடுத்து, ஒரு முனை பழைய தட்டை யுஎஸ்பியும் மறு முனை டைப்-சியுமாக உள்ள வயரால் மாட்டுங்கள். ஏறும்.

எத்தனை மணி நேரம் நிக்கும்?

பெட்டியில் எட்டு மணி என்று இருந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 11 வாட்-மணி இருக்கும். கன்சோல் இரண்டு, இரண்டரை வாட் இழுக்கும். கணக்கு அவ்வளவுதான். தூங்க வைத்துப் பையில் போட்டால் அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆடி முடித்தால் அணைத்துவிடுங்கள்.

தூத்தூர்ல இருந்து ஆழ்கடலுக்குப் போறோம், கரை திரும்ப முப்பது நாள் ஆகும். கொண்டு போலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நண்பர் கொண்டுபோய்த் திரும்பியும் வந்துவிட்டார். சிக்னல் இல்லாத இடத்தில் போனைவிட இது உதவும், இணையம் எதுவும் வேண்டாம். படகு இன்வெர்ட்டரில் போன் சார்ஜ் ஆனால் இதுவும் ஆகும், சார்ஜர் கேள்வியில் சொன்ன வயர் போதும்.

எதிரி உப்புக்காற்று. பட்டனுக்கு அடியில் ரப்பர் திண்டு, அதில் கரி பூசிய வட்டம், அது அழுந்தும் பலகைத் தொடுமுனை என்று மூன்று அடுக்கு இருக்கிறது. உப்பு ஈரம் தொடுமுனையில் படிந்தால் பட்டன் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. கார்டு துளையும் சார்ஜ் துளையும் பச்சை பிடிக்கும். ஆடாத நேரத்தில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில், செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு போட்டு மூடி வையுங்கள். மீன் கையோடு தொடாதீர்கள் என்று சொன்னேன், அது நடக்காது என்று சிரித்தார். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கும் இதே பதில்தான். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மலையோரத்திலும் ஈரப்பதத்தை மறந்துவிட வேண்டாம்.

பட்டன் அப்பப்போ வேலை செய்யல. கடையில கொடுக்கணுமா?

மேலே சொன்ன தொடுமுனை அழுக்காகத்தான் இருக்கும். பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, தொடுமுனையையும் கரி வட்டத்தையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். கரியைத் தேய்த்தால் அதுவே போய்விடும், ஒற்றி எடுத்தால் போதும். தின்னர் போடாதீர்கள், வெளிக்கூடு உருகும்.

தம்பி, பிள்ளைக்குப் பத்து வயசு ஆகுது. வாங்கிக் கொடுக்கலாமா?

கேட்டது எங்கள் மைனி. கொடுக்கலாம் மைனி, ஆனால் கூட வந்த கார்டோடு அப்படியே கொடுக்க வேண்டாம். எண்ணிக்கைக்காக மொத்தமாக அள்ளிப்போட்ட ஆர்கேட் கோப்புறையில் பெரியவர்களுக்கான சீட்டாட்ட, மாஜாங் கேம்களும் கிடக்கும். விற்பவர் பார்த்திருக்க மாட்டார். புதுக் கார்டில் நீங்களே தேர்ந்தெடுத்த இருபது கேம்களை மட்டும் போட்டுக் கொடுங்கள். இணையமும் இல்லை, விளம்பரமும் இல்லை, பணம் கேட்கும் பொத்தானும் இல்லை என்பது போனைவிட நல்லது.

இதுல இருக்கிற கேம் எல்லாம் சட்டப்படி சரியா சாரே?

கன்சோலும் எமுலேட்டர் மென்பொருளும் சரி. கூட வரும் ஆயிரக்கணக்கான கேம்கள் அனுமதி பெற்றவை அல்ல. பழசாகிவிட்டதால் உரிமை போய்விடுவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் பிரிவு 52 ஒரு வழி தருகிறது: ஒரு கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது கெட்டுப்போனால் உதவுவதற்காக அதிலிருந்தே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் அலமாரியில் இருக்கும் அசல் பிளேஸ்டேஷன் தட்டுக்கு இது உதவும். இணையத்தில் யாரோ ஏற்றியதற்கு உதவாது.

ஆக்கியவர்களே இலவசமாகத் தருவதும் உண்டு. 2004-இல் ஒரே மனிதர் தனியாக உருவாக்கி இலவசமாக வெளியிட்ட 'கேவ் ஸ்டோரி' இந்தக் கன்சோல்களில் அருமையாக ஓடும். என் 11-இல் அதுவும் ஒன்று.

சேவ் பண்ணினேன், மறுநாள் பார்த்தா காணோம்!

இரண்டு வகை சேவ் இருக்கிறது. கேமுக்குள்ளேயே இருக்கும் சேவ் ஒன்று, எமுலேட்டர் அந்த நொடியை அப்படியே படம்பிடித்து வைக்கும் ஸ்டேட் சேவ் இன்னொன்று. கேமுக்குள் சேவ் செய்தாலும், சில எமுலேட்டர்கள் கேமை விட்டு வெளியே வரும்போதுதான் அதைக் கார்டில் எழுதும். நீங்கள் நேராகப் பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணைத்திருப்பீர்கள். மெனுவுக்கு வந்து அணைக்கும் பழக்கம் வேண்டும். நாலு மாதத்தில் கார்டு சாவதற்கும் இப்படி அணைப்பது ஒரு காரணம்.

ஸ்டேட் சேவை மட்டும் நம்பி நாற்பது மணி நேர கேமை ஆடாதீர்கள். எமுலேட்டரின் பதிப்பு மாறினால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம்.

சின்ன வயசுல ஆடின மேரியோவைவிட இது வேகமா ஓடுது. எனக்கு வயசாயிட்டா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வயசும் ஆகியிருக்கும், ஆனால் உங்கள் ஞாபகம் சரி. அப்போது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் புதுப்பித்தது. நம் நாட்டு டிவி பால் (PAL) என்ற முறை, நொடிக்கு 50. அந்தக் காலத்து கேம்கள் கடிகாரத்தைப் பார்த்து ஓடவில்லை, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்று ஓடின. பால் டிவிக்காகச் செய்த நகல் பெட்டியில் அதே ஜப்பான் காசெட்டைச் செருகினால் 60 அடி வைக்க வேண்டிய மேரியோ 50 அடிதான் வைப்பான். ஆறில் ஒரு பங்கு வேகம் குறைவு, பாட்டும் இழுவை. நாம் அதையே அசல் என்று நினைத்து வளர்ந்தோம்.

இப்போது கையில் இருப்பது 60-இல் ஓடுகிறது. பழைய வேகம் வேண்டுமென்றால் எஃப்சிஇயுஎம்எம் எமுலேட்டரின் கோர் ஆப்ஷன்ஸில் 'ரீஜியன்' என்று இருப்பதை 'டெண்டி' என்று மாற்றுங்கள். ரஷ்யாவில் நம்முடையது போன்ற நகல் பெட்டிக்கு டெண்டி என்று பெயர், அந்தப் பெயரே வகைக்கும் ஆகிவிட்டது. மாற்றிவிட்டு முதல் கட்டத்தின் பாட்டைக் கேளுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதைச் செய்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தேன்.

டிவியில மாட்டி ரெண்டு பேர் ஆடலாமா?

எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஆடலாம், இரண்டாமவருக்குத் தனிக் கன்ட்ரோலர் வேண்டும். ஆர்36எஸ்ஸில் அந்தத் துளை இல்லை. டிவியில் மாட்டியதும் குதிப்பது தாமதமாகத் தெரிந்தால் கன்சோலைத் திட்டாதீர்கள். டிவியின் படத் தேர்வில் 'கேம் மோட்' போடுங்கள், டிவி படத்தை மெருகூட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும்.

மார்த்தாண்டத்துல ஒருத்தர் பழசு 1,500க்குத் தாறேன்னு சொல்றார். வாங்கட்டா?

மேசைமேல் படுக்க வைத்துப் பாருங்கள். ஆடினாலோ நடுவில் பின்மூடி புடைத்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது, அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். குச்சியைத் தொடாமல் விட்டும் மெனு தானாக நகர்கிறதா, சார்ஜ் வயரை லேசாக ஆட்டினால் இணைப்பு விடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கான்ட்ரா சோதனை.

கூடவே சொந்தக் கார்டு ஒன்றை உங்கள் பத்து கேம்களோடு கொண்டு போங்கள். இரண்டு துளை உள்ள கன்சோல் என்றால் இரண்டாவது துளையில் செருகினால் போதும். அரை மணி நேரம் ஆடிப் பார்க்க விடுகிறவரிடம் 1,500 கொடுக்கலாம். 'கார்டு எல்லாம் மாத்தக் கூடாது' என்று சொல்பவரிடம் ஒரு சாயா குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.